மரவள்ளியும் மீனும் சாப்பிட்டவர்களுக்கு எப்படி வந்தது இவ்வளவு பிரஷர்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் ‘கிலோம்போலா’ என்ற பெயரில் தனிக் கிராமங்களில் வாழ்கிறார்கள். மரவள்ளி, பயறு, மீன் என்று தாங்களே விளைவித்ததையும் பிடித்ததையும் சாப்பிடுகிறார்கள். உடல் உழைப்புக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். பாரம்பரிய வாழ்க்கையே காப்பாற்றவில்லையென்றால் கோளாறு அவர்கள் மரபணுவில்தான் இருக்கிறதா, அவர்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கும், நம் பக்கத்தில் அப்படிப்பட்ட மக்கள் உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பழி சாப்பாட்டின் மேலா, ரத்தத்தின் மேலா? இரண்டுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு மூன்றாவதாக ஒன்றுக்கு, அதாவது நிலத்துக்கும் அந்த நிலத்துக்குப் போகும் சாலைக்கும் என்பது என் கருத்து. அது ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் சமூக மருத்துவம் படித்தவள். இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமம் கிராமமாகப் போய் இடுப்பளவும் பிரஷரும் எடுப்பதுதான் என் வேலை. அதில் ஏழு மாதம் பாஹியா மாநிலத்தின் வறண்ட உள்பகுதியில் ஒரு களக்குழுவோடு சுற்றினேன். ஆகவே இதில் நேரில் பார்த்தது கொஞ்சம், படித்தது நிறைய. நேரில் பார்த்ததை எண்ணாக மாற்றிச் சொல்ல மாட்டேன். ஏழு மாதத்தில் பார்த்தது ஆய்வு ஆகிவிடாது.

முதலில் இவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கிலோம்போ என்பது அங்கோலா பக்கத்துக் கிம்புண்டு மொழிச் சொல். போர்ப் பாசறை என்பது போன்ற பொருள். தப்பியோடிய அடிமைகள் காட்டுக்குள் அமைத்த குடியிருப்புகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றில் பெரியது இன்றைய அலகோவாஸ் மாநிலத்தில் இருந்த பால்மாரெஸ். 1694-ல் அதன் தலைமையிடம் வீழ்ந்தது. அதன் தலைவர் சும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டார். அந்த நாள் இப்போது நாடு முழுக்க விடுமுறை. ஆனால் இன்றைய கிலோம்போலா ஊர்கள் எல்லாமே தப்பியவர்களின் ஊர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டம் நொடித்து முதலாளி கைவிட்டுப் போன நிலத்தில் அப்படியே தங்கியவர்கள் உண்டு. காசு சேர்த்து நிலம் வாங்கியவர்கள், தானமாகப் பெற்றவர்கள், 1888-ல் அடிமை முறை ஒழிந்தபின் போக்கிடம் இல்லாமல் ஒதுங்கியவர்கள் எல்லாரும் உண்டு. 1988 அரசியலமைப்புச் சட்டம்தான் இவர்களுக்கு நில உரிமை உண்டு என்று முதலில் எழுதியது. தன்னை யாராகக் கருதுகிறது என்று அந்தச் சமூகமே சொன்னால் போதும் என்று 2003-ல் அரசாணை வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த மக்களைத் தனியாக எண்ணிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022-ல்தான் நடந்தது. முதல் அறிக்கையில் வந்த எண் 13,27,802. நாட்டின் மக்கள்தொகையில் 0.65 விழுக்காடு. பாஹியாவில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பேர். அதிகாரபூர்வமாக எல்லை வரையறுக்கப்பட்ட நிலப்பகுதிக்குள் வாழ்பவர்கள் சுமார் 12.6 விழுக்காடுதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். ஆக 2022-க்கு முன் வந்த எந்த ஆய்வுக்கும் ‘மொத்தம் எத்தனை பேர்’ என்ற அடிப்படைக் கணக்கு கையில் இருக்கவில்லை. ஒரு மாவட்டத்துக் கிராமங்களில் எடுத்த எண்ணை ‘கிலோம்போலாக்களில் இத்தனை பேருக்கு’ என்று தலைப்பாக்குவது அங்கேயே வழுக்கிவிடுகிறது.

நீங்கள் படித்த எண் அநேகமாக விட்டோரியா டா கான்க்விஸ்டா என்ற பாஹியா நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் 2011-ல் எடுத்ததாக இருக்கும். அங்கே பெரியவர்களில் சுமார் 45 விழுக்காட்டினருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் வேண்டுமே: 2013-ல் நாடு முழுக்க நடந்த சுகாதார ஆய்வில், அளந்தபோது அதிகமாக இருந்தவர்களையும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சேர்த்தால் சுமார் 32 விழுக்காடு. வித்தியாசம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் அளவில்தான் சந்தேகம். இந்த ஊர்களிலிருந்து இளைஞர்கள் சாவோ பாவ்லோவுக்கும் அறுவடை வேலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பகலில் நாங்கள் போய்க் கதவைத் தட்டினால் இருப்பவர்கள் பெண்களும் வயதானவர்களும். வயதானவர்கள் கூடுதலாக இருந்தால் பிரஷரும் கூடுதலாகத்தான் வரும். வயதைச் சரிக்கட்டிக் கணக்குப் போடலாம். ஊரில் இல்லாதவரைச் சரிக்கட்ட முடியாது. இன்னொன்று, களத்தில் நேர்கிற சின்ன விஷயம். மண்வெட்டி பிடித்துத் திரண்ட புஜத்துக்கு நடுத்தர அளவுப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது.

இனி மரபணு. இதில் ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. அட்லாண்டிக்கைக் கடந்த அடிமைக் கப்பல்களில் வியர்வையிலும் பேதியிலும் உப்பை இழந்து ஏராளமானோர் செத்தார்கள். உப்பை உடம்பில் தேக்கிவைக்கும் தன்மை கொண்டவர்கள் பிழைத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதே தன்மை இன்று பிரஷராக வருகிறது என்பது அந்தக் கதை. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் கிளம்பி, தொலைக்காட்சி வரை போய்விட்டது. கேட்பதற்கு அழகாக, கச்சிதமாக இருக்கும். ஆனால் அடிமை வணிகத்தின் வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின், அந்தக் கதை தாங்கி நிற்கும் வரலாற்றுத் தகவல்களே சரியில்லை என்று 1992-ல் எழுதினார். அதைவிட எளிய மறுப்பு ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் 1997-ல் வெளியிட்ட அளவீடுகளில் இருக்கிறது. ஒரே முறையில், ஒரே பயிற்சி பெற்றவர்களைக்கொண்டு அளந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் 33. ஒரே வேரிலிருந்து பிரிந்தவர்கள். ஊர் மாற மாற எண் ஏறுகிறது. 2005-ல் அதே குழு வெள்ளையர் நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஜெர்மனி 55 விழுக்காட்டோடு எல்லாருக்கும் மேலே போய் நின்றது. ‘ஜெர்மானிய ரத்தத்தில் கோளாறா?’ என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்காக மரபுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படுகின்றன. ஆப்பிரிக்காவில் ஒருவகை ஈ கடித்துப் பரவும் தூக்க நோயின் கிருமியிலிருந்து காக்கும் அந்த வடிவங்களே, இரண்டு பிரதிகளாக வந்து சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2010-ல் கண்டறியப்பட்ட இது திடமான உண்மை. பிரஷர் ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்குச் சிறுநீரகம் என்ன ஆகும் என்பதில் இதற்கு இடமுண்டு. ஊரில் பாதிப் பேருக்குப் பிரஷர் ஏன் வந்தது என்பதை இது விளக்காது. கிலோம்போலா மக்களை ‘கலப்பில்லாத ஆப்பிரிக்கர்’ என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அவர்களிடம் ஐரோப்பிய வழியும் அமேசான், கடலோரப் பழங்குடி வழியும் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ‘பாரம்பரியம்’ என்ற சொல் ஏமாற்றுகிற இடம் இதுதான். காட்டில் ஒரு துண்டைத் திருத்தி எரித்து, மரவள்ளியும் சோளமும் பயறும் பூசணியும் கலந்து நட்டு, சில வருடம் கழித்து அந்த நிலத்தை ஓய்வுக்கு விட்டு அடுத்த துண்டுக்குப் போவது அவர்களின் பழைய விவசாய முறை. சாவோ பாவ்லோ மாநிலத்து ரிபெய்ரா பள்ளத்தாக்கின் கிலோம்போலா விவசாய முறையை 2018-ல் பிரேசில் தன் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. மரவள்ளி நமக்கும் தெரிந்த கிழங்குதான். போர்த்துகீசியர் கைவழியாக அந்த மண்ணிலிருந்துதானே நம்மிடம் வந்தது! ஆனால் அவர்கள் அதிகம் நடுவது கசப்பு மரவள்ளி, சயனைடு உள்ள இனம். துருவி, பிழிந்து, நச்சு நீரை வடித்து, அகலமான சட்டியில் வறுத்து மாவாக்குவார்கள். ‘ஃபரின்யா’ என்ற அந்த வறுத்த மாவு இல்லாமல் அங்கே சாப்பாடு இல்லை. மாவுக் கொட்டகையில் நாள் முழுக்கத் தோல் சீவும் பெண்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கடுமை, பேச்சும் சிரிப்பும் ஓயாது. ஊர் நியாயம் பாதி அங்கேதான் பேசித் தீர்கிறது.

இந்தச் சாப்பாட்டோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பது உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி. அது யாருடைய பாரம்பரியம்? தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் பகுதியில் உப்புக்கண்டமாகச் செய்து, தோட்டங்களுக்கு அனுப்பி, மரவள்ளி மாவோடு அடிமைகளுக்குப் படியளந்த உணவு அது. உப்பின் மேல் இருக்கும் அந்த நாக்குப் பழக்கம் கப்பலில் வந்த மரபணு அல்ல, கரும்புத் தோட்டத்துப் படி. காப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போதே சர்க்கரையைக் கொட்டி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சின்ன டம்ளர். ‘சர்க்கரை வேண்டாம்’ என்று சொல்ல அங்கே வழியே கிடையாது. பத்து வீடு கணக்கெடுத்துவிட்டு வந்த நாளில் என் சர்க்கரையை அளந்திருந்தால் நானே கணக்கில் சேர்ந்திருப்பேன்.

அதற்கு மேல் வந்து உட்கார்ந்தது கடைச் சாமான். உடனடி நூடுல்ஸ், டின் தொத்திறைச்சி, கிரீம் பிஸ்கட், இரண்டு லிட்டர் சோடா பாட்டில், குழம்பில் உதிர்த்துப் போடும் உப்புக் கட்டி. இவற்றுக்கு ‘மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு’ என்று பெயர் வைத்து வகைப்படுத்தியவர்களே பிரேசில்காரர்கள்தான். சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் தொடங்கியது அது. 2014-ல் நாட்டின் உணவு வழிகாட்டியிலும் ஏறியது. கிராமத்துக்கு இவை ஏன் வந்தன என்று கேட்டால் படித்தவர்கள் சட்டென்று ‘அரசு உதவிப் பணம்’ என்பார்கள். 2003-ல் தொடங்கிய பொல்சா ஃபமீலியாவைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பணம் பட்டினியைப் போக்கியது. நூடுல்ஸை வாங்க வைத்தது வேறு: மாடு மேய்க்கும் பண்ணைகளும் யூகலிப்டஸ் தோப்புகளும் சுற்றி நெருக்க, ஓய்வுக்கு விட நிலம் இல்லாமல் போனது. ஒரே துண்டில் திரும்பத் திரும்ப நட்டால் கிழங்கு சிறுக்கும். கிழங்கு சிறுத்தால் மாவு கடையில்தான்.

மரன்யாவ் மாநிலத்து அல்காந்தாரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே 1980-களில் ராக்கெட் ஏவுதளம் கட்டினார்கள். கடலோரத்தில் இருந்த 312 கிலோம்போலா குடும்பங்களை உள்நாட்டுப் பக்கம், திட்டமிட்டுக் கட்டிய ஏழு குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். வீடு கொடுத்தார்கள், அளவெடுத்த நிலத்துண்டு கொடுத்தார்கள். கடலைக் கொடுக்க முடியவில்லை. காலையில் இறங்கி மீனும் நண்டும் பிடித்துவந்தவர்கள் மைல் கணக்கில் நடக்க வேண்டியதாயிற்று. ஏவுதளப் பகுதி வழியாகப் போகத் தடை வேறு. மீன் காசுக்கு வாங்கும் பொருளானது. பிரேசில் இந்த மக்களின் உரிமைகளை மீறியது என்று சொல்லும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2025-ல் வெளியானது. இதை நான் பிரஷருக்கான சான்றாக வைக்கவில்லை. நிலம் நகர்ந்தால் தட்டு எப்படி நகர்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இன்னொரு இழை பலர் கண்ணில் படுவதில்லை. 2006-ல் கிலோம்போலா ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயரமும் எடையும் எடுத்தார்கள். 11.6 விழுக்காடு குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே காலத்தில் நாட்டுச் சராசரி 7. கருவிலும் முதல் இரண்டு வருடங்களிலும் ஊட்டம் குறைந்த உடம்பு, வளர்ந்தபின் கிடைக்கும் கூடுதல் மாவையும் எண்ணெயையும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்க்கும்; சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்; பிரஷர் ஏற இதுவே போதும். இந்த வழிமுறை பல நாடுகளில் பார்க்கப்பட்டது. சாவோ பாவ்லோ குடிசைப் பகுதிக் குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறார்கள். ஒல்லியாகத் தெரிந்தும் சர்க்கரை வருகிற நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லப்படும் விளக்கத்தில் பாதியும் இதுதான். அந்த 2006 குழந்தைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். குள்ளமான, பருத்த உடம்புள்ள ஒரு முப்பது வயதுத் தாயைப் பார்த்து ‘அதிகம் சாப்பிடுகிறாள்’ என்று எழுதிவிட்டுப் போகிற மருத்துவர், அவள் இரண்டு வயதில் பட்ட பசியைப் பார்க்கவில்லை.

இப்போது ‘வளர்சிதைமாற்றக் கூட்டுக்குறை’ என்ற பெரிய பெயருக்கு வருவோம். நீங்கள் படித்ததில் இதுவும் வந்திருக்கும். அகலமான இடுப்பு, ரத்தத்தில் ஓடும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதல், குறைந்த நல்ல கொழுப்பு, 130/85-க்கு மேல் பிரஷர், வெறும் வயிற்றில் 100-க்கு மேல் சர்க்கரை என ஐந்தில் மூன்று இருந்தால் அந்த முத்திரை விழும். இடுப்பளவிலேயே சிக்கல் ஆரம்பம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு ஆண்களுக்கு ஐரோப்பியர் என்றால் 94 சென்டிமீட்டர், தெற்காசியர் என்றால் 90 என்று கோடு போட்டது. தனித் தரவு இல்லாத ஆப்பிரிக்கர்களுக்கு இப்போதைக்கு ஐரோப்பியக் கோடு, தென் அமெரிக்கர்களுக்குத் தெற்காசியக் கோடு என்றும் சொன்னது. ஆப்பிரிக்க வழிவந்த தென் அமெரிக்கர் எந்தக் கோட்டில் நிற்பார்? அமெரிக்க அளவுகோலோ ஆண்களுக்கு 102, பெண்களுக்கு 88 என்கிறது. கூட்டமைப்பு பெண்களுக்கு 80 என்கிறது. ஒரே ஊர்ப் பெண்களை 80-ல் வைத்து எண்ணினால் ஒரு கூட்டம், 88-ல் வைத்து எண்ணினால் வேறு கூட்டம். இரண்டு ஆய்வுகளின் விழுக்காட்டைப் பக்கத்தில் வைத்து ‘அங்கே கூடிவிட்டது’ என்று பேசுவதற்கு முன் யார் எந்த நாடாவைப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நேர்மாறான ஏமாற்றம். ஆப்பிரிக்க வழியினரிடம், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையிலும் டிரைகிளிசரைடு ஏறாமலும் நல்ல கொழுப்பு குறையாமலும் இருப்பது பொதுவாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. ஐந்தில் இரண்டு கட்டங்கள் இப்படி நிரம்பாமலே நிற்பதால், ஆபத்தில் இருக்கும் ஒருவர் முத்திரை விழாமல் தப்பிவிடுவார். சர்க்கரையை மூன்று மாதச் சராசரியாகப் பார்க்கும் பரிசோதனையிலும் ஒரு பள்ளம் உண்டு. அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணு வளையும் நோய்க்கான மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பது) உள்ளவர்களுக்கு அந்தச் சோதனை உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒரே அளவு சர்க்கரை இருந்தும் அந்தப் பண்பு உள்ளவர்களுக்குச் சராசரி சுமார் 0.3 புள்ளி குறைவாக வந்தது. பாஹியாவில் அந்தப் பண்பு பரவலாக உண்டு. எல்லைக்குச் சற்றுக் கீழே 6.3 என்று வந்த சீட்டைப் பார்த்து ‘இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை’ என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு வந்தேயிருக்கலாம். ஆகவே பிரஷரின் எண்ணை நான் கொஞ்சம் குறைத்து வாசிப்பேன். சர்க்கரையின் எண்ணைக் கொஞ்சம் கூட்டி வாசிப்பேன்.

வாழ்க்கைத் தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை அளக்கப் பெரும்பாலும் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம். 1990-களில் அதன் நீண்ட வடிவத்தை உருவாக்க உலகம் முழுக்கப் பதினைந்து மையங்களில் மக்களிடம் ‘நல்ல வாழ்க்கை என்றால் என்ன’ என்று கேட்டார்கள். அந்தப் பதினைந்தில் ஒன்று நம் சென்னை. பாஹியாவின் பாட்டி ஒருத்தி பதில் சொல்லும் கேள்வியில் நம்மவர் யாரோ சொன்ன சொல்லும் கலந்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். உடல், மனம், உறவு, சூழல் என்று நாலு பகுதி. கிலோம்போலா ஊர்களில் உறவுப் பகுதி பெரும்பாலும் நன்றாக நிற்கும். சூழல் பகுதிதான் கீழே விழும். சூழல் என்றவுடன் மரமும் காற்றும் மட்டும் என்று நினைக்காதீர்கள். கையில் காசு, வீட்டின் நிலை, பாதுகாப்பு, மருத்துவ வசதி கிட்டுமா, பேருந்து உண்டா, தகவல் வந்து சேருமா என்பவையே அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை. அந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தால் அது அவர்கள் மனநிலையின் மதிப்பெண் அல்ல, நகராட்சியின் மதிப்பெண்.

எழுபது தாண்டிய ஒரு பாட்டிக்கு 180/100 இருந்தது. ‘உங்கள் உடல்நலத்தில் திருப்தியா?’ என்று படித்தேன். ‘மிகவும் திருப்தி’ என்றாள். காலையில் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அவள் கணக்கில் நோயாளி என்றால் படுத்திருப்பவர். அவள் பதில் பொய்யில்லை, ஆனால் அதைக் கொண்டு ‘பிரஷர் இருந்தும் வாழ்க்கைத் தரம் நன்று’ என்று எழுதினால் அது நம் பொய். இதற்கு மறுபுறமும் உண்டு. 1978-ல் கனடாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வில், ‘உனக்குப் பிரஷர் இருக்கிறது’ என்று சொன்னபின் அவர்கள் வேலைக்கு வராத நாட்கள் கூடின. அதுவரை அதே பிரஷரோடுதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெயர் வைத்த மாத்திரத்தில் மனசு நோயாளியாகிவிடுகிறது. ஆகவே வளர்சிதைமாற்றக் கோளாறு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவு என்று ஒரு சமயத்தில் எடுத்த ஆய்வு சொன்னால், எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. அநேகமாக இந்தத் துறையின் ஆய்வுகள் எல்லாமே அப்படி ஒரே சமயத்தில் எடுத்தவை. வருடக்கணக்கில் அதே ஆட்களைப் பின்தொடர்ந்தவை மிக அரிது.

சிகிச்சை கிடைக்கிறதா என்றால், காகிதத்தில் பிரேசில் நம்மைவிட முன்னே இருக்கிறது. எல்லாருக்கும் இலவசப் பொது மருத்துவம் அரசியலமைப்பு உரிமை. ஊர்க்காரர் ஒருவரே சுகாதாரப் பணியாளராக மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் 2011 முதல் பதிவு பெற்ற மருந்துக் கடைகளில் இலவசம். கறுப்பின மக்களின் உடல்நலத்துக்கென்றே 2009-ல் தனிக் கொள்கையும் வந்தது. சிக்கல் என்னவென்றால் கடை நகரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த மண்சாலையில் மோட்டார் சைக்கிளும் போகாது. எங்களோடு வந்த பணியாளர் பெண் பத்துப் பேரின் சீட்டை வாங்கிக்கொண்டு தன் வண்டியில் போய் மாத்திரை வாங்கி வருவாள். பெட்ரோல் அவள் கைக்காசு. 2022 கணக்குப்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்ட கிலோம்போலாக்களில் 19 விழுக்காட்டினருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாட்டுச் சராசரி 7. ‘காலையில் ஒன்று, ராத்திரி அரை’ என்று பெட்டியில் எழுதிக் கொடுத்தால் என்ன பயன்? அவள் காலை மாத்திரைக்குச் சூரியனும் ராத்திரி மாத்திரைக்கு நிலாவும் வரைந்து ஒட்டுவாள். மருத்துவர் நிலையாக இருப்பதும் அரிது. 2013-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த கியூப மருத்துவர்கள் இந்த மாதிரி ஊர்களில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2018 கடைசியில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே மூச்சில் கிளம்பிப் போனார்கள்.

எனக்கு நம்பிக்கை தருகிற ஒன்று மருத்துவத் துறைக்கு வெளியே இருக்கிறது. 2009 சட்டம், பள்ளி மதிய உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்றது. அதில் கிலோம்போலா ஊர்களுக்கு முன்னுரிமை. அது ஒழுங்காக நடக்கும் இடத்தில் பூசணிக்கும் பயறுக்கும் வாங்க ஆள் இருக்கிறது, நட நிலம் வேண்டும் என்று கேட்கக் காரணம் இருக்கிறது, குழந்தைத் தட்டில் பிஸ்கட்டுக்குப் பதில் கிழங்கு இருக்கிறது. இது பிரஷரை எத்தனை புள்ளி குறைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி அளப்பது எளிதும் இல்லை. நிலப் பட்டா கிடைத்தால் மனஅழுத்தம் குறையும், அதன் வழியே பிரஷரும் குறையும் என்று சிலர் எழுதுகிறார்கள். பாஹியாவில் கிலோம்போலா தலைவி மாயி பெர்னதெச்சி 2023 ஆகஸ்டில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஊரில் இரவு தூக்கம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. ஆனாலும் அந்தப் பயத்திலிருந்து ரத்தக் குழாய் வரை போகும் வழியை இந்த மக்களிடம் யாரும் முழுதாக அளந்து காட்டிவிடவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நிரூபணமானது என்று எழுத மாட்டேன்.

கடைசியாக, நம் பக்கத்திலும் ஆப்பிரிக்க வழிவந்த கிராம மக்கள் உண்டா என்ற உங்கள் கேள்வி. உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கக் காட்டோர ஊர்களில் சித்திகள் இருக்கிறார்கள். 2003-ல் அங்கே பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். குஜராத்திலும் இருக்கிறார்கள். இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பையடியில் காப்பிலியர் என்று ஒரு சிறு சமூகம். இவர்களுக்கும் அதே 45 விழுக்காடு இருக்குமா என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. சித்திகள் சாப்பிடுவது சோறு, அவர்கள் கடந்து வந்தது வேறு கடல், ஒட்டியிருப்பது வேறு காடு, மாத்திரைக்குப் போவது வேறு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் எல்லாப்பூருக்குப் போய், பெரிய பட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, மாலையில் ஆட்கள் வேலையிலிருந்து திரும்பியபின் உட்கார்ந்து அளக்க வேண்டியதுதான்.